சூடேறும் திண்ணை: டெல்லி ப்ளாட்டில் வேண்டாம், மலை வீட்டில் இப்படிக் கட்டுங்கள்

கேள்வி இது: "மயூர் விஹாரில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஜனவரிக் குளிர் தாங்கவில்லை. வீடியோ ஒன்றில் ராக்கெட் மாஸ் ஹீட்டர் பார்த்தேன், விறகுச் சூட்டை மண் திண்ணைக்குள் குழாய் விட்டுச் சேமிக்கும் கணப்பு. நாலு குச்சி எரித்தால் விடிய விடிய சூடாக இருக்குமாம். பால்கனியை ஒட்டிய அறையில் கட்டலாமா? உத்தராகண்ட் மலையில் முக்தேஷ்வர் பக்கம் நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய சின்ன வீடு ஒன்றும் இருக்கிறது. அங்கேயும் கட்ட ஆசை. அளவுகளோடு சொல்ல முடியுமா?"

மயூர் விஹார் ப்ளாட்டில் கட்டவே கட்டாதீர்கள். முக்தேஷ்வர் வீட்டில் தாராளமாகக் கட்டுங்கள். நான் கொதிகலன், உலை வேலையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இப்போது ஜனக்புரியில் இருக்கிறேன். முக்தேஷ்வர் இருக்கும் குமாவுன் மலையில் இரண்டு கணப்பு கட்டியிருக்கிறேன். முதலாவதைப் பாதியில் இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அதில் கற்றுக்கொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அளவுகளுக்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துவிட வேண்டும். இது பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும். இந்தக் கணப்பில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. முதல் வேலை எரிப்பது, இரண்டாவது வேலை சூட்டைச் சேமிப்பது. எரியும் இடத்தில் சூட்டை யாரும் தொடக்கூடாது. எரிந்து முடித்த பிறகு துளியும் விடாமல் பிடுங்கிக்கொள்ள வேண்டும். மரம் நேராக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது, அப்புறம் கட்டையிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன, அந்த வாயுக்கள்தான் தீயாக எரிகின்றன. அவை முழுதாக எரிய 600 டிகிரிக்கு மேல் சூடும், போதிய காற்றும், கொஞ்சம் நேரமும் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் எரியாமல் தப்பியது புகையாக வெளியே போகும். நம் கண்ணைக் கரிக்கும் புகை எல்லாமே எரியாமல் வீணான விறகுதான்.

மலை ஊர்களில் வைத்திருக்கும் புகாரி என்ற தகர விறகு அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீயைச் சுற்றி மெல்லிய இரும்பு. தீ எரிய எரிய அந்த இரும்பு சூட்டை அறைக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அறை உடனே சூடாகும், ஆனால் தீ குளிர்ந்து புகை கக்கும், குழாயில் தார் படியும், பாதிச் சூடு கூரைக்கு மேலே போகும். விறகு தீர்ந்த ஒரு மணி நேரத்தில் அறை பழையபடி ஜில்லென்று ஆகிவிடும். எரிப்பதையும் சூடு எடுப்பதையும் ஒரே இடத்தில் செய்வதால் வரும் கோளாறு இது.

நம் பாட்டிமார் வைத்திருந்த கொடியடுப்பு நினைவிருக்கிறதா? முன் அடுப்பில் எரியும் தீ மண்ணுக்குள் ஒரு சுரங்கம் வழியாகப் பக்கத்து அடுப்புக்குப் போகும். விறகு ஓரிடம், சூடு வேறிடம். அந்தச் சுரங்கத்தின் முடிவில் நாலடி உயரத்துக்கு ஒரு சூட்டுக்குழல் நிற்க வைத்ததாக நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ராக்கெட் அடுப்பு வந்துவிடும். இதை 1980-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்தார். சமையலுக்காக வந்த அந்த அடுப்போடு டிரம்மையும் மண் திண்ணையையும் இணைத்து வீட்டுக் கணப்பாக ஆக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இயான்டோ எவன்ஸ். சூட்டைத் தரையிலும் திண்ணையிலும் சேமிக்கும் எண்ணம் அதைவிடப் பழையது. கொரியாவில் ஓண்டோல் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே காஷ்மீரில் ஹமாம் இருக்கிறது. கல் பாவிய தரைக்கு அடியில் தீ, மேலே உட்கார்ந்து பேச்சு.

சரி, ப்ளாட்டில் ஏன் கூடாது? முதலில் எடை. கீழே நான் சொல்லப்போகும் சின்னத் திண்ணையே ஒரு டன் வரும். அது உட்காரும் இடம் ஒன்றரை சதுர மீட்டர்கூட இல்லை. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளங்களை நம் கட்டட விதிகள் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குத்தான் வடிவமைக்கச் சொல்கின்றன. பால்கனியை ஒட்டிய அறை என்கிறீர்கள், சிலர் பால்கனியையே அடைத்துத்தான் அறையாக்கியிருக்கிறார்கள். அந்தப் பலகையின் மேல் ஒரு டன் மண்ணை ஏற்றுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. அது கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் இருக்கும் சுமை.

இரண்டாவது காற்று. டெல்லியின் டிசம்பர், ஜனவரிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பையும் காய்ந்த இலையும் திறந்தவெளியில் எரிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே தடை போட்டு 5000 ரூபாய் அபராதமும் வைத்தது. காற்று மோசமானால் அமலாகும் படிநிலைத் திட்டத்தில் ஓட்டல் தந்தூர்களில் விறகும் கரியும்கூடக் கூடாது. இரவுக் காவலாளிகள் கட்டை எரித்துக் குளிர்காயாமல் இருக்க மின்சார ஹீட்டர் கொடுங்கள் என்று குடியிருப்புச் சங்கங்களுக்குச் சொல்கிறார்கள். ராக்கெட் கணப்பு நன்றாக எரியும்போது புகை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் பற்றவைக்கும் முதல் பத்து நிமிடமும் ஈர விறகு போட்ட நாளும் புகை வரத்தான் செய்யும். அடுக்குமாடியில் அது மேல்வீட்டுக் குழந்தையின் படுக்கையறைக்குள் போகும்.

மூன்றாவது, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. மூடிய அறையில் அங்கீட்டி எனும் கரியடுப்பு வைத்துத் தூங்கிய குடும்பம் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. வயதானவர்கள் தூங்கும் அறையில், முறையான புகைபோக்கிக்கு வழியே இல்லாத ப்ளாட்டில், எந்த விறகுத் தீயும் வேண்டாம்.

அப்பா அம்மாவுக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எரிப்பது முடியாது, ஆனால் சேமிப்பது முடியும். டெல்லியில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 38 டிகிரி உயரம்தான் ஏறும். தெற்கு ஜன்னல் இருந்தால் வெயில் அறைக்குள் ஆழமாக வரும். மூடுபனி விலகியதும் திரையைத் திறந்து அந்த வெயில் தரையிலும் சுவரிலும் விழ விடுங்கள். மூன்றரை, நாலு மணிக்கே தடித்த திரையை மூடிவிடுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து நகர்த்தி உள்சுவர் பக்கம் போடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் முதுகில் குளிர் அடிப்பதாகச் சொல்வது பெரும்பாலும் அந்தச் சுவரால்தான். மார்பிள் தரையில் தடித்த ஜமக்காளம் விரியுங்கள், கதவிடுக்கை அடையுங்கள். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரை 15 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். படுக்கை விரிப்புக்கு அடியில் போடும் மின் கம்பளம் 100 வாட் அளவில் ஒரு ஆளை இரவு முழுக்கச் சூடாக வைக்கும். நல்ல தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது சுலபம். மண் திண்ணையின் சூட்சுமமும் அதேதான்.

இனி முக்தேஷ்வர் வீடு.

இடம் தரைத்தளமாக இருக்க வேண்டும், திண்ணைக்கு அடியில் கெட்டியான மண் வேண்டும். பழைய குமாவுன் வீடுகளில் கீழே மாட்டுக்கொட்டில், மேலே மரத்தளத்தில் மனிதர்கள் என்று இருக்கும். அந்த மேல்தளத்தில் கட்டாதீர்கள். வீட்டின் நடுச்சுவரை ஒட்டிக் கட்டினால் வெளிச்சுவர் வழியாகச் சூடு வீணாகாது, புகைபோக்கியும் வீட்டுக்குள்ளேயே நேராக மேலே போகும். அது நிலநடுக்கப் பகுதி என்பதையும் மறக்காதீர்கள். தனியாக உயர்ந்து நிற்கும் கனமான செங்கல் தூண் எதுவும் வேண்டாம், புகைபோக்கியைக் கூரைச் சட்டத்தோடு பட்டை போட்டுப் பிடியுங்கள்.

உங்கள் அளவு வீட்டுக்கு 6 அங்குல அமைப்பு போதும். 6 அங்குலம் என்பது குழாயின் விட்டம். அதன் குறுக்குப்பரப்பு 28 சதுர அங்குலம். விறகு நுழையும் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை எந்த இடத்திலும் வழி இந்த 28-க்குக் குறையக்கூடாது. வழியில் ஓரிடத்தில் குறுகினாலும் முழு அமைப்பும் அந்தக் குறுகல் அளவுக்குத்தான் இழுக்கும்.

எரியும் பகுதிக்குத் தீச்செங்கல் வேண்டும். நம் ஊர்த் தீச்செங்கல் 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 அங்குல உயரம். படுக்கை வசமாக இரண்டு வரிசை வைத்தால் 6 அங்குல உயரம் கிடைக்கும். இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவில் நாலே முக்கால் அங்குல இடைவெளி விட்டால் 28 சதுர அங்குலம் சரியாக வந்துவிடும். மேலே 9 அங்குலச் செங்கலைக் குறுக்காக வைத்து மூடலாம், இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு மேல் தாங்கும். ஐம்பது அறுபது செங்கல் போதும். சிமென்ட் வேண்டாம், சூட்டில் சிமென்ட் தன் பிடிப்பை இழந்து உதிர்ந்துவிடும். தீக்களிமண்ணைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, செங்கலை அதில் தோய்த்து, மெல்லிய பூச்சாக வைத்துக் கட்டுங்கள். சுரங்கத்தின் தரைக்கு அடியிலும் நாலு அங்குலத்துக்குப் பெர்லைட் என்ற, சூட்டைக் கடத்தாத லேசான வெள்ளைத் துகளைக் களிமண் கரைசலில் பிசைந்து போடுங்கள், இல்லையென்றால் பூமி சூட்டைக் குடித்துவிடும். பெர்லைட் நர்சரிக் கடைகளில் மூட்டையாகவே கிடைக்கும்.

வடிவம் ஆங்கில ஜே எழுத்து மாதிரி. விறகு செங்குத்தாக நிற்கும் வாய், அதன் அடியில் படுத்த சுரங்கம், சுரங்கத்தின் மறுமுனையில் எழும் சூட்டுக்குழல். மூன்றுக்கும் விகிதம் 1, 2, 4. வாய் 14 அங்குலம், சுரங்கம் 28, சூட்டுக்குழல் 56. உயரம் எல்லாம் சுரங்கத்தின் தரையிலிருந்து அளக்க வேண்டும். சுரங்கம் 28-ஐவிடக் குறைந்தால் நல்லதே, குழல் 56-ஐவிடக் கூடினாலும் நல்லதே. வாய் உயர்ந்தால்தான் ஆபத்து. வாயும் ஒரு புகைபோக்கிதான். அது உயர உயரக் குழலோடு போட்டி போட்டுப் புகையை அறைக்குள் இழுக்கும். முக்தேஷ்வர் சுமார் 2200 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும், புகையை மேலே இழுக்கும் இழுவையும் அதற்கேற்ப மெலியும். அதனால் குழல் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சூட்டுக்குழல்தான் இந்தக் கணப்பின் உயிர். என் முதல் தவறும் இங்கேதான். கையில் நல்ல கனமான இரும்புக் குழாய் இருந்தது. அதை நிறுத்தி, சுற்றிலும் செங்கல் வைத்து முடித்தேன். முதல் குளிர்காலம் போனது. இரண்டாம் வருஷம் டிரம்மைத் தூக்கிப் பார்த்தால் குழாயின் கீழ்ப்பாதி வெங்காயச் சருகு போல உரிந்து, கையால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெப்பம் 1000 டிகிரியைத் தொடும் இடம் அது, எந்தச் சாதாரண இரும்பும் நிற்காது. சுற்றி நான் வைத்த கனச் செங்கலும் தவறு. அது சூட்டைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் தீயைக் குளிர வைத்தது. எரியும் இடத்தில் யாரும் சூட்டைத் தொடக்கூடாது என்று மேலே சொன்னேனே, அதை மீறியதன் விளைவு.

இப்போது நான் செய்வது இது. 8 அங்குல விட்டமுள்ள ஜிஐ தகரக் குழாய். அதற்குள் ஓர் அங்குல கனமுள்ள செராமிக் ஃபைபர் கம்பளம், நடுவில் 6 அங்குலத் துளை மிஞ்சும்படி சுருட்டி இறுக்கமாகச் செருக வேண்டும். எடை சொற்பம், சில நிமிடங்களில் உள்முகம் பழுத்துவிடும். அந்த நார் மூச்சில் போகக்கூடாது. வெளியிடத்தில், என்95 முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கம்பளத்தை நனைத்து வெட்டுங்கள். செருகிய பிறகு உள்முகத்தில் தீக்களிமண் கரைசலைத் தடவிவிட்டால் நார் பறக்காது. குழந்தைகள் வரும் வீடென்றால் செராமிக் நாரே வேண்டாம் என்பேன். இன்சுலேஷன் செங்கல் என்று லேசாக, சுண்டினால் மொத்தையாகச் சத்தம் வரும் வெள்ளைச் செங்கல் கிடைக்கிறது, அதிலேயே குழலைக் கட்டுங்கள். சூளை, பேக்கரி அடுப்பு கட்டுபவர்களிடம் கேட்டால் எங்கே வாங்குவதென்று சொல்வார்கள்.

குழலின் மேல் 200 லிட்டர் டிரம்மைக் கவிழ்க்க வேண்டும். குழலில் ஏறும் சூடான காற்று டிரம் உச்சியில் முட்டிக் கீழே இறங்கும். டிரம் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். என்ன இருந்த டிரம் என்று கேட்டு வாங்குங்கள். சமையல் எண்ணெய் இருந்தது உத்தமம், பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்தது வேண்டவே வேண்டாம். காலி டிரம்மாகவே இருந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும், கழுவாமல் வெட்டவோ சுடவோ கூடாது. பெயின்ட்டை மலையில் வெளியிடத்தில் ஒருமுறை தீயில் சுட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் வைத்த பிறகு அது எரிந்தால் நாற்றமும் விஷமும் உங்களுக்குத்தான். டிரம் உயரம் சுமார் 35 அங்குலம். அதன் அடி விளிம்பு சுரங்கத் தரையிலிருந்து 23 அங்குல உயரத்தில் உட்கார்ந்தால் உச்சி 58-இல் வரும். குழல் 56. நடுவில் 2 அங்குலம். இந்த 2 அங்குல இடைவெளியில் குறைக்காதீர்கள். குறைந்தால் இழுவை திணறும், ரொம்பக் கூடினால் டிரம் உச்சியின் சூடு குறையும். சரியாக அமைந்தால் அந்த உச்சியில் டீ கொதிக்கும், தோசைக்கல்லும் காயும். மரச்சுவர், திரை, கட்டில் எதுவாக இருந்தாலும் டிரம்மிலிருந்து மூன்றடி தள்ளியிருக்கட்டும்.

டிரம்முக்குள் கீழிறங்கும் காற்று திண்ணைக் குழாய்க்குள் திரும்பும் இடம்தான் கட்டும்போது கண்ணுக்குத் தப்பும் இடம். டிரம்மின் அடியில் வட்டமாகப் பரவியிருக்கும் காற்று ஒரு மூலையில் கூடித் திரும்ப வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். 28 சதுர அங்குலம் போதாது, அங்கே மட்டும் 50-க்கு மேல் விடுங்கள். சாம்பலும் அங்கேதான் சேரும். கை நுழையும் அளவில் மூடி போட்ட ஒரு வாயிலை அங்கே கட்டாயம் வையுங்கள்.

திண்ணை ஆறரை அடி நீளம், இரண்டே கால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். 6 அங்குலக் குழாய் உள்ளே போய், திரும்பி, மறுபடி வர வேண்டும். போக ஆறரை, வர ஆறரை, மொத்தம் 13 அடி. ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் 5 அடிக் குழாய்க்குச் சமமான தடை என்று கணக்கு வைக்க வேண்டும். திரும்ப இரண்டு வளைவு என்றால் 10 அடி. ஆக 23. இந்த அளவு அமைப்புக்கு 20 முதல் 25 அடிதான் வரம்பு, அதற்குள் வந்துவிட்டோம். நீளமான திண்ணை ஆசையில் இதைத் தாண்டாதீர்கள். வளைவுகளில் தூசு எடுக்கும் மூடி வைக்க வேண்டும். குழாய்க்கு மேலே நாலைந்து அங்குல மண் இருந்தால் போதும். சூடு மண்ணில் மணிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் ஊர்ந்து வரும், அதனால் ஆறு மணிக்குப் பற்றவைத்தால் பத்து பதினொன்றுக்குத் திண்ணை உச்சச் சூட்டில் இருக்கும்.

இந்தத் திண்ணை எவ்வளவு சூட்டைப் பிடிக்கும்? ஒரு டன் மண் 35 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். எரியும் நேரத்தில் டிரம் தனியாக அறையைச் சூடாக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாலைக்கு 5 கிலோ காய்ந்த விறகு, இரண்டரை மணி நேரம் எரிந்தால் போதும். வீடியோவில் சொன்ன நாலு குச்சி போதாது. ஆனால் அதே வீட்டில் புகாரி வைத்தவர்கள் இரவெல்லாம் கட்டை போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அறை முழுவதையும் சமவெளி வீடு மாதிரி ஆக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கூரையில் இடுக்கு இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

புகைபோக்கியைச் சுவரில் துளை போட்டுப் பக்கவாட்டில் வெளியே விட்டால் போதும் என்று சில செய்முறைகள் சொல்லும். மலைக்காற்று எதிர்த்து அடிக்கும் ஒரு நாள் போதும், புகை முழுக்க வீட்டுக்குள் வரும். வீட்டுக்குள்ளேயே நேராக மேலே கொண்டுபோய், கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி நீட்டி, தொப்பி போடுங்கள். மரக்கூரையைத் துளைக்கும் இடத்தில் இரட்டைக் குழாயும் நடுவில் ராக்வூல் எனும் சூடு தாங்கும் பாறை நாரும் வேண்டும். வெளியேறும் காற்று 60 முதல் 90 டிகிரி இருந்தால் சரி. அதற்கும் குறைந்தால் விறகிலுள்ள நீராவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி வழியும், தகரம் துருப்பிடிக்கும், இழுவையும் செத்துவிடும்.

மண் பூசுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் காய்ந்த செங்கலாக அடுக்கி, வெளியிடத்தில் எரித்துப் பாருங்கள். இதைத் தாண்டிப் போகவே போகாதீர்கள். நாங்கள் இரண்டாம் முறை கட்டியபோது வீட்டு முற்றத்தில் அப்படித்தான் அடுக்கினோம். கூட இருந்த மிஸ்திரி, அதாவது கொத்தனார், வயதில் பெரியவர், வாழ்நாள் முழுக்கச் சூல்ஹா எனும் மண் அடுப்பும் புகாரியும் பார்த்தவர். தீ படுத்துக்கொண்டு போகும் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. காகிதமும் சீட் பைன் என்ற மலை மரத்தின் சிராயும் போட்டுப் பற்றவைத்தோம். முதல் இரண்டு நிமிடம் வாயிலிருந்து புகை மேலே வந்தது, அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சூட்டுக்குழல் பழுக்க ஆரம்பித்ததும் புகை நின்றது. வாயில் நிற்கும் குச்சியின் மேல்பாதி தொட்டால் குளிர்ந்திருக்க, அடி நுனியில் மட்டும் தீ, அதுவும் கிடைமட்டமாகச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. ஊதாங்குழலில் விடாமல் ஊதினால் வருமே, அந்த உர்ர்ர் சத்தம். ராக்கெட் என்ற பேர் பொருந்தி வருவது அந்த உறுமலால்தான். மிஸ்திரி குழலின் உச்சிக்கு நன்றாக மேலே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணி சூடாகியது, கரி படியவில்லை. அதற்குப் பிறகு அளவுகளில் அவரே என்னைவிடக் கண்டிப்பாக இருந்தார்.

மண்ணுக்கு டெல்லியிலிருந்து எதையும் சுமக்க வேண்டாம். தோட்டத்து மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களிமண் மேலே என்று படியும். எவ்வளவு களி இருக்கிறது என்று தெரிந்துவிடும். களி ஒரு பங்கு, மணல் இரண்டு மூன்று பங்கு, துண்டு துண்டாக வெட்டிய வைக்கோல் கொஞ்சம். தார்ப்பாயில் கொட்டிக் காலால் மிதியுங்கள். உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டால் சப்பையாகவும் கூடாது, சிதறவும் கூடாது. திண்ணையின் கீழ்ப்பகுதியிலும் நடுவிலும் ஆற்றுக்கல்லை நெருக்கமாகப் புதைத்தால் எடையும் கூடும், மண்ணும் மிச்சமாகும். டிரம்முக்கு அருகில் மட்டும் வைக்கோல் வேண்டாம். காய மூன்று நாலு வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் அரை மணி சின்னத் தீ மட்டும் போடுங்கள். அவசரப்பட்டுப் பெரிய தீ போட்டால் திண்ணை விரிசலாகப் பிளக்கும்.

மேல்பூச்சுக்கு அந்த ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். செம்மண்ணும் சாணியும் எந்தப் பதத்தில் குழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த மாதிரி எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. எங்கள் திண்ணையை மெழுகிய அம்மா, காய்ந்த பிறகு செங்காவி பூசி, அரிசி மாவைக் கரைத்து விரலால் ஓரம் முழுக்க ஐபன் என்ற குமாவுன் கோலம் வரைந்துவிட்டுப் போனார். நம் வீட்டுச் செம்மண் பட்டையும் மாக்கோலமும் அப்படியே. என் மனைவிக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

விறகு விஷயத்தில் முக்தேஷ்வர், ராம்கட் பக்கம் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழத்தோட்டப் பகுதி அது. ஆப்பிள், பாதாமி, பிளம் மரங்களைக் கவாத்து செய்த குச்சிகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இந்தக் கணப்புக்குத் தேவை மணிக்கட்டு கனத்துக்கு மேற்படாத நேரான குச்சிகள்தான், பெரிய கட்டையே வேண்டாம். பாஞ் எனும் ஓக் மரத்தை இதற்காக யாரும் வெட்டாதீர்கள், அந்த மலையின் ஊற்றுகளுக்குத் துணை அந்தக் காடுதான். குச்சிகளை ஒரு வெயில் காலம் முழுக்க மழை படாமல் அடுக்கி வைத்துக் காயவிடுங்கள். சீட் பைனில் பிசின் அதிகம், பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி கீர்த்தி நகர் மரக்கடைத் துண்டு, பிளைவுட், பெயின்ட் அடித்த சட்டம் எதுவும் உள்ளே போகக்கூடாது, பசையும் சாயமும் எரிந்தால் விஷம்.

நீங்கள் மாதம் ஒருமுறை போகும் வீடு என்பதால் திண்ணை பாறை மாதிரி குளிர்ந்திருக்கும், முதல் நாள் இழுக்காது. புகைபோக்கியின் அடியில் ஒரு மூடி வைத்து, அதற்குள் ஒரு கொத்துக் காகிதத்தை முதலில் எரியுங்கள். புகைபோக்கிக் காற்று மேலே கிளம்பியதும் வாயில் தீ வையுங்கள். முழுதாகச் சூடு பிடிக்க இரண்டு மூன்று மாலை ஆகும். அதனால் இரண்டு நாள் தங்குவதற்குப் போனால் திண்ணையின் முழுச் சுகம் கிடைக்காது, அந்த நாட்களில் டிரம் தரும் சூடுதான் உங்களுக்கு. எரியும்போது அறையை விட்டுப் போகாதீர்கள், குச்சி வழியாகத் தீ வாய்க்கு மேலே ஏறலாம். பாதி வாயை ஒரு செங்கலால் மூடி வைத்தால் காற்று வேகமாகி அது நடக்காது. எரிந்து முடிந்ததும் வாயை மூடினால் திண்ணைச் சூடு புகைபோக்கி வழியாகப் போகாது. ஆனால் கங்கு ஒன்றுகூட மிஞ்சாமல் சாம்பலான பிறகே மூட வேண்டும். கங்கு இருக்கும்போது மூடுவதுதான் மோனாக்சைடுக்குக் கதவு திறப்பது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள், செங்கல் வாங்குவதற்கு முன்னாலேயே அதை வாங்கிவிடுங்கள். தீ எரியும்போது ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும்.

அக்டோபரில் ஒரு முறை எல்லா மூடிகளையும் திறந்து, சாம்பலை அள்ளி, டிரம்மைத் தூக்கிச் சூட்டுக்குழலின் உள்முகத்தைப் பாருங்கள். டிரம்மை மண் வைத்து நிரந்தரமாக அடைக்காமல், அடி விளிம்பில் செராமிக் கயிறு வைத்து உட்கார்த்தியிருந்தால் இரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் தூக்கிவிடலாம். அறையின் அளவு, நடுச்சுவர் எங்கே இருக்கிறது, கூரை தகரமா ஸ்லேட்டா என்று எழுதுங்கள். புகைபோக்கி எங்கே ஏறலாம் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.